தறிச் சத்தத்தில் முங்கிய வசனம்: டப்பிங் பேசுவதா, அப்படியே விடுவதா?

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் குமாரபாளையம். பகலில் ஈரோட்டில் ஒரு ஜவுளி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு மேலாக ஒரு படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். படப்பிடிப்பு முடிந்துவிட்டது. எடிட்டும் 94 நிமிடத்தில் ஓரளவு நின்றுவிட்டது. ஆனால் பாதிப் படத்தில் வசனம் புரியவில்லை. அதற்காகத்தான் இங்கே வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை எங்கள் தெருவிலேயே நடப்பது. விசைத்தறிப் பட்டறையில் தார் சுற்றும், அதாவது நெய்வதற்கான குறுக்கு நூலைச் சின்னக் கட்டையில் சுற்றும், ஒரு அம்மா, ஏழாவது படிக்கும் அவர் மகன். முதலாளியிடம் வாங்கிய 40,000 ரூபாய் முன்பணம் கழிகிற வரைக்கும் அந்த அம்மா பட்டறையை விட்டுப் போக முடியாது. பையனையும் தறியில் விட்டால் சீக்கிரம் கழியும். விடுவதா வேண்டாமா என்பதுதான் படம். அம்மாவாக நடித்தவர் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. நடிப்பு அவருக்குப் புதிது. 22 வருடமாகத் தார் சுற்றுகிறவர். பையனும் அதே தெருதான்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், யோசனை சொல்கிறவர்களுக்கு உதவும். என் சேமிப்பு 4 லட்சம். சீட்டு எடுத்தது 3 லட்சம். அம்மாவின் ஆறு பவுனை அடகு வைத்ததில் 2 லட்சம். நண்பர்கள் தந்தது 4 லட்சத்து 70 ஆயிரம். இதில் 11 லட்சத்து 60 ஆயிரம் செலவாகிவிட்டது. கையில் 2 லட்சத்து 10 ஆயிரம் இருக்கிறது. இனிமேல் எங்கிருந்தும் வராது.

23 நாள் படப்பிடிப்பு, ஆனால் அதை 2023 ஏப்ரலில் ஆரம்பித்து 2024 டிசம்பரில்தான் முடித்தோம். கேமரா சோனி எஃப்எக்ஸ்3, வாடகைக்கு எடுத்தது. ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்த நாளும் கேமரா நமக்குக் கிடைக்காது, கல்யாண வீடியோக்காரர்கள் இரண்டு மாதத்துக்கு முன்பே சொல்லிவைத்துவிடுவார்கள். வார நாளில்தான் கிடைக்கும். வார நாளில் எங்கள் ஊரில் தறி ஓடும். எங்கள் தெருவில் மட்டும் 60 தறிக்கு மேல் இருக்கிறது. பட்டறைக்குள் பேச வேண்டும் என்றால் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும், இல்லாவிட்டால் கையைக் காட்ட வேண்டும். வீட்டுக்குள் கதவைச் சாத்தினாலும் சுவர் வழியாக வரும். நாங்கள் அந்தச் சத்தத்திலேயே பிறந்து தூங்கியவர்கள் என்பதால் எனக்கு அது சத்தமாகவே படவில்லை. ஹெட்போனில் கேட்டபோதும் சரியாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். எடிட் மேசையில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

சத்தமில்லாத நாள் என்று எங்களுக்கு ஒன்று உண்டு. மாதத்தில் ஒரு நாள் மின்வாரியத்தின் பராமரிப்புக்காகக் காலையில் இருந்து மின்சாரத்தை நிறுத்துவார்கள். ஒன்பது மணிக்கு எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் நிற்கும். அப்புறம்தான் தெருவில் குருவிச் சத்தம் இருப்பதே தெரியும். அப்படி இரண்டு நாளில் மட்டும் படம் பிடித்திருக்கிறேன். ஜெனரேட்டர் கிடையாது, ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான். அந்த இரண்டு காட்சிகளும் அவ்வளவு நன்றாக இருக்கின்றன. எல்லாவற்றையும் அப்படியே எடுத்திருக்க வேண்டும் என்று இப்போது புரிகிறது. மாதத்துக்கு ஒரு நாள் என்றால் படம் முடியப் பல வருடம் ஆகியிருக்கும் என்பதும் தெரிகிறது.

ஆற்றுக் காட்சி இன்னொரு கதை. கடைசிக் காட்சி படித்துறையில், ஓடுகிற தண்ணீர் வேண்டும். 2023இல் மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்தார்கள். அப்போது என்னிடம் பணம் தீர்ந்திருந்தது. சீட்டு எடுத்துக்கொண்டு வருவதற்குள் அக்டோபரில் அணையை மூடிவிட்டார்கள். சரி, அடுத்த ஜூனில் எடுக்கலாம் என்று இருந்தேன். 2024இல் அணையில் தண்ணீர் இல்லாமல் ஜூலை 28இல்தான் திறந்தார்கள். இரண்டே நாளில் அணை நிரம்பி, வெள்ளம் வந்து, கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. எங்கள் குழுவில் இரண்டு பேர் வீட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். அந்த நேரத்தில் யாரிடம் போய்ப் படம் பற்றிப் பேசுவது? டிசம்பரில் எடுத்தேன். அதற்குள் பையன் ஒரு சாண் வளர்ந்துவிட்டான். அக்கா நிற்க, அவன் படியில் உட்கார்ந்திருப்பதாக மாற்றி எடுத்தேன்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். 11 நாள் எடுத்த காட்சிகளில் தறிச் சத்தம் வசனத்தின் மேல் ஏறி இருக்கிறது. போன மாதம் ஒரு டப்பிங் தியேட்டரில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து அக்காவைக் கூட்டிப்போனேன். அன்றைக்கு அவருக்கு ஒரு நாள் கூலி போனது, அதையும் கொடுத்தேன். குளிர்ந்த அறை, எதிரே திரை, முன்னால் மைக், ஸ்டாண்டில் வசனத் தாள். ஆறு மணி நேரத்தில் நான்கு காட்சி. அவர் தப்பில்லாமல்தான் பேசினார். ஆனால் பள்ளி ஆண்டு விழாவில் பேசுவது போல இருந்தது. படத்தில் ஒரு இடம் வரும். பையன் பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறான். அவர் தார் சுற்றிக்கொண்டே, "நீ போ சாமி. நான் இங்கயே இருந்துக்கறேன்" என்பார். "சாமி"க்கும் "நான்"க்கும் நடுவில் நூல் அறுந்தது. அவர் அதை முடிச்சுப் போட்டுவிட்டு மீதியைச் சொன்னார். நான் சொல்லிக் கொடுத்தது இல்லை. அந்த இடைவெளியில்தான் அந்தக் காட்சி இருக்கிறது. டப்பிங் தியேட்டரில் அதே இரண்டு வாக்கியத்தை 31 முறை பேசினோம். ஒரு முறைகூட வரவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில், "என்னால உன் படம் கெட்டுப்போச்சா?" என்று அக்கா கேட்டார். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

பையனுக்கு இன்னொரு சிக்கல். இப்போது அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது. அவனால் தன் பழைய குரலில் பேசவே முடியாது.

என் கேள்விகள் இவை. அக்காவுக்கு வேறு யாராவது டப்பிங் பேச வைக்கலாமா? சத்தத்தோடு அப்படியே விட்டு சப்டைட்டில் போட்டால் பார்ப்பவர்கள் ஏற்றுக்கொள்வார்களா? சத்தத்தை எடுக்கும் மென்பொருள்களை நம்பலாமா? நான் முயன்று பார்த்தபோது குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போல ஆகிவிட்டது. அப்புறம், படத்தில் ஒரு ஆட்டுக்குட்டி வருகிறது, அதற்கு முன்கூட்டியே எதுவும் அனுமதி வாங்கவில்லை. அது பெரிய விஷயமா?


பழைய மேனேஜர் எழுதியது:

தம்பி, நான் 26 வருடம் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்தவன். மனதில் பட்டதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம்ம ஊரில் டப்பிங் ஒன்றும் பாவம் இல்லை. ஆரி 2சி மாதிரிக் கேமராக்கள் வந்த காலத்தில் கேமராவே தையல் மிஷின் போலச் சத்தம் போடும். ஸ்பாட்டில் எடுத்த சத்தத்தை வழிகாட்டிக்கு மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பிறகு பேசித்தான் படம் வந்தது. மக்கள் அழுத காட்சிகள் எல்லாம் அப்படிப் பேசியவைதான். சிறு பையன் குரலுக்குப் பெண் கலைஞர்கள் பேசுவதும் காலங்காலமாக நடப்பது. கொங்குப் பேச்சு நன்றாக வரும் கலைஞர் ஒருவரைப் பிடித்து, மூன்று நாளில் முடித்துவிட்டு, படத்தை வெளியே கொண்டு வா. படம் பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு மாதமும் உன் வட்டி ஓடுகிறது. ஆறு பவுன் அம்மாவுடையது என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததால்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்று. பையனை வைத்து எடுத்திருக்கிறாயே, கலெக்டரிடம் அனுமதி வாங்கினாயா? 2017இல் விதி வந்தது. குழந்தை ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, ஓய்வு இல்லாமல் தொடர்ந்து 3 மணி நேரம் கூடாது, சம்பளத்தில் 20 சதவீதத்தையாவது அவன் பேரில் வங்கியில் வைப்பாகப் போட வேண்டும். சின்னப் படம்தானே என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.


அறையொலி எழுதியது:

காவிரிக்கரை, நான் சென்னையில் 14 வருடமாக லைவ் சவுண்ட் வேலை, அதாவது படப்பிடிப்பு இடத்திலேயே வசனத்தைப் பதிவு செய்யும் வேலை, செய்கிறேன். நீங்கள் எழுதியதில் பாதி எனக்கும் நடந்தது. எனக்குத் தறிக்குப் பதில் ஆடி மாதம். ஒரு படத்துக்கு மதுரைப் பக்கம் 18 நாள் போனோம், நான்கு திசையிலும் அம்மன் கோயில் ஒலிபெருக்கி. தேதி குறிக்கும்போது பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டியது என் வேலை, நான் பார்க்கவில்லை. அன்றைக்கு இருந்து எந்த லொக்கேஷன் பார்க்கப் போனாலும் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் போய்க் கண்ணை மூடி நின்று கேட்டுவிட்டுத்தான் வருகிறேன்.

முதலில் மென்பொருள். ஃபேன், ஏசி, ஜெனரேட்டர் மாதிரி ஒரே சீராக வரும் சத்தத்தை அவை நன்றாக எடுக்கும். தறி அப்படி இல்லை. குறுக்கு நூலோடு இரண்டு பக்கமும் ஓடும் நாடா அடிக்கும் ஒவ்வொரு அடியும் தனித்தனி. நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடிக்கும். அந்த அடியில் கீழ்ச்சத்தம் மேல்ச்சத்தம் எல்லாம் கலந்திருக்கும், பேச்சு இருக்கும் அதே இடத்தில்தான் அதுவும் இருக்கும். அடியைப் பிடுங்கினால் பேச்சின் சதையும் சேர்ந்து வரும். நீங்கள் கேட்ட தண்ணீர்க் குரல் அதுதான். 32 பிட்டில் பதிவு செய்தால் எல்லாம் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். சத்தம் உடையாமல் காப்பாற்ற மட்டுமே அது உதவும். மைக் வாயில் இருந்து எவ்வளவு தூரம் இருந்தது என்பதை எந்த பிட்டும் மாற்றாது.

ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு நிலைமை மோசம் இல்லை என்று நினைக்கிறேன். தறிச் சத்தம் இருப்பதால் யாரும் தியேட்டரை விட்டு எழுந்து போக மாட்டார்கள். அது அந்த ஊரின் காற்று. வெட்டுக்கு வெட்டு அது மாறுவதுதான் காதை அறுக்கும். அக்காவின் ஷாட்டில் பத்துத் தறி கேட்கிறது, பையனின் ஷாட்டில் மூன்று கேட்கிறது, மறுபடி பத்து. இந்தக் குதிப்பைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். அதற்கு ஒரு வழி: தறிச் சத்தத்தை மட்டும் தனியாகச் சுத்தமாகப் பதிவு செய்யுங்கள். ஒற்றைத் தறி, நான்கு தறி, பட்டறை வாசலில் இருந்து, பக்கத்து வீட்டுக்குள் இருந்து கதவு சாத்தி, மாடியில் இருந்து. ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். இதைக் காட்சி முழுக்கக் கீழே விரித்துவிட்டால் வெட்டுகள் மறையும். அதன் மேல் வசனத்தைக் கொஞ்சம் தூக்கினால், பாதிக் காட்சிகளுக்கு டப்பிங்கே வேண்டியிருக்காது. முடிந்தால் படத்தின் முதல் இரண்டு ரீலை, அதாவது தொடக்கப் பகுதியை, அனுப்புங்கள், கேட்டுவிட்டுச் சொல்கிறேன். காசு வேண்டாம்.

மீதிப் பாதிக்கு மறுபடி பேசத்தான் வேண்டும். ஆனால் அந்த அக்காவை மறுபடி தியேட்டருக்குக் கூட்டிப்போகாதீர்கள். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். விடையை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் 22 வருடமாகக் கையில் நூல் இல்லாமல் பேசியதே இல்லை. அங்கே கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கச் சொன்னீர்கள், எதிரே தாளை வைத்தீர்கள். பேச்சு எங்கிருந்து வரும்?

அடுத்த மின்தடை நாளில் படம் எடுத்த அதே வீட்டில், அதே இடத்தில் உட்கார வையுங்கள். கையில் தார்க்கட்டையும் நூலும் கொடுங்கள். மின்சாரம் இல்லாததால் ராட்டையைக் கையால் சுற்றட்டும். ஷூட்டிங்கில் வைத்த அதே மைக், அதே தூரம். தாள் வேண்டவே வேண்டாம். ஒரு காதில் மட்டும் சின்ன இயர்போன் வைத்து, அவர் அன்றைக்குப் பேசியதையே மூன்று முறை ஓட்டுங்கள். நான்காவது முறை அவரே சொல்லட்டும். தன் குரலைக் கேட்டு அதே தாளத்தில் சொல்வது எழுத்தைப் பார்த்துப் பேசுவதை விட எளிது. வாயசைவு ஒரு முடி இப்படி அப்படிப் போனால் எடிட்டில் இழுத்துக்கொள்ளலாம், பேச்சில் உயிர் இருந்தால் போதும். ஒவ்வொரு இடத்திலும் பேசி முடித்ததும் எல்லோரும் அசையாமல் இரண்டு நிமிடம் அந்த அறையின் அமைதியைப் பதிவு செய்யுங்கள். இதை மறந்தால் மிக்ஸிங்கில் அழ வேண்டியிருக்கும். காலர் மைக் வைப்பதாக இருந்தால் சேலை பாலியஸ்டரா பருத்தியா என்று பாருங்கள். பாலியஸ்டர் உரசினால் ஒரு டேக்கும் மிஞ்சாது.

பையனின் குரலைக் கம்ப்யூட்டரில் ஏற்றி இறக்கிச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பொம்மைப் படம் மாதிரி இருக்கும். அவன் வயதில், அதே தெருவில், அதே மாதிரிப் பேசும் குழந்தையைத் தேடுங்கள். மேனேஜர் ஐயா சொல்வது போலப் பெண் கலைஞர்கள் பேசலாம், நன்றாகவும் பேசுவார்கள். ஆனால் பக்கத்தில் அக்காவின் சொந்தக் குரல் ஒலிக்கும்போது ஸ்டுடியோக் குரல் தனியாகத் தெரியும். இரண்டு பேரும் ஒரே காற்றில் பேச வேண்டும்.


தாமிரபரணி எழுதியது:

நண்பரே, நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு படம் எடுத்து முடித்தவள். ஒலியைப் பற்றி அறையொலி சொல்லிவிட்டார். எனக்குக் கவலை உங்கள் 2 லட்சத்து 10 ஆயிரம்தான். அதை முழுதும் சத்தத்துக்கே செலவழித்துவிடாதீர்கள். இனிமேல்தான் கலர், 5.1 மிக்ஸ் (தியேட்டருக்கான ஒலிக்கலவை), சப்டைட்டில், டிசிபி (தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி), சான்றிதழ்க் கட்டணம் எல்லாம் இருக்கிறது. நான் கடைசி ரூபாய் வரைக்கும் படப்பிடிப்பில் செலவழித்துவிட்டு, டிசிபி செய்யப் பணம் இல்லாமல் ஏழு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த ஏழு மாதம் யாருக்கும் வர வேண்டாம்.

ஆட்டுக்குட்டி பெரிய விஷயம்தான். படத்தில் விலங்கு வந்தால், தணிக்கைக்குப் போகும்போது விலங்கு நல வாரியத்தின் தடையில்லாச் சான்று கேட்பார்கள். விலங்குகளை நடிக்க வைப்பது பற்றி 2001இல் வந்த விதிகளின்படி, படப்பிடிப்புக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். உரிமையாளர் விவரம், கால்நடை மருத்துவரின் சான்று, காட்சியில் விலங்கு என்ன செய்கிறது என்பதெல்லாம் எழுதித் தர வேண்டும். முன்பு வாரியம் சென்னையில் இருந்தது, இப்போது ஹரியானாவில் பல்லப்கரில் இருக்கிறது. எடுத்து முடித்த பிறகு கேட்டால் வழி குறுகலாகிவிடும். ஆட்டுக்குட்டி எத்தனை விநாடி வருகிறது? அது இல்லாமல் படம் நிற்குமா? ஒரு முறை அதை வெட்டிவிட்டுப் பாருங்கள். நான் ஒரு மாட்டு வண்டிக் காட்சியை இப்படித்தான் இழந்தேன். வயிறு எரிந்தது. ஆனால் ஆறு மாதம் கழித்துப் படம் பார்த்தவர்கள் யாரும் அந்த இடத்தில் ஏதோ குறைகிறது என்று சொல்லவில்லை. யாராவது பீடி குடிக்கிறார்களா? அப்படி இருந்தால் அந்த ஷாட்டில் எச்சரிக்கை வாசகம், படத்தின் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் விளம்பரத் துண்டுகள் சேர்க்க வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. திரைப்பட விழாக்களுக்குத் தணிக்கைச் சான்று வேண்டியதில்லை, விழா நடத்துகிறவர்களே தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு வாங்குவார்கள். ஓடிடிக்கும் சட்டப்படி தணிக்கை கட்டாயம் இல்லை, அது 2021 விதிகளின் கீழ் வருகிறது. ஆனால் வாங்குகிறவர்கள் பல பேர் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பார்கள். தியேட்டருக்கும் டிவிக்கும் கட்டாயம். அதனால் முதலில் விழாக்கள். கோவாவில் ஒவ்வொரு நவம்பரிலும் நடக்கும் ஃபிலிம் பஜார் என்ற திரைப்படச் சந்தையில், முடியாத படங்களின் ரஃப் கட்டை, அதாவது முதல் கட்ட எடிட்டை, பார்த்து யோசனை சொல்லும் ஒரு பிரிவு இருக்கிறது. உங்கள் படம் இப்போது சரியாக அந்த நிலையில்தான் இருக்கிறது. திருவனந்தபுரம் விழாவுக்கும் அனுப்புங்கள். 2021இல் மதுரைப் பக்கத்து வெயிலில் எடுத்த ஒரு சின்னத் தமிழ்ப் படம், கூழாங்கல், ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் முதல் பரிசான புலி விருதை வாங்கியது. அதைப் படித்த அன்றைக்குத்தான் நான் என் ஸ்கிரிப்டை மறுபடி கையில் எடுத்தேன்.

பண விஷயத்தில் இன்னொன்றையும் சொல்ல ஆசை. 1980களில் கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் ஒடேசா என்ற அவருடைய குழுவின் நண்பர்களும் ஊர் ஊராகப் போய், தெருவில் நாடகம் போட்டு, மக்களிடம் சின்னச் சின்னத் தொகையாக வாங்கிப் படம் எடுத்தார்கள். எடுத்ததை மறுபடி அதே ஊர்களுக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். உங்கள் தெருவில் 60 தறி என்கிறீர்கள். படம் முடிந்ததும் முதல் காட்சி அந்தத் தெருவில் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எல்லா ஃபுட்டேஜும் எத்தனை டிஸ்க்கில் இருக்கிறது? ஒன்றில் என்றால் இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் இன்னொன்று வாங்குங்கள். இரண்டாவதை வேறு வீட்டில் வையுங்கள். என் டிஸ்க் ஒன்று கீழே விழுந்து நான்கு காட்சி போனது. மறுபடி எடுக்க முடியாத காட்சிகள். அதில் நடித்த பாட்டி அதற்குள் இறந்துவிட்டார்.


காவிரிக்கரை எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

மேனேஜர் ஐயா, கலெக்டர் அனுமதி வாங்கினேன். அதற்காக நாமக்கல்லுக்கு மூன்று முறை போனேன். பையன் பேரில் வங்கியில் போட்டும் இருக்கிறேன், ரசீதை அவன் அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். வட்டியைப் பற்றி நீங்கள் சொன்னது உறைத்தது. ஆனால் அக்காவுக்கு வேறு குரல் வைப்பதற்கு மனது வரவில்லை ஐயா. என் அம்மாவும் தார் சுற்றியவர்தான். எங்கள் ஊர்ப் பெண்களைப் படத்தில் பார்த்திருக்கிறேன், அவர்கள் பேசிக் கேட்டதில்லை. முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பேச்சை இன்னொருவருக்குக் கொடுத்தால் நான் இந்தப் படத்தை எடுத்திருக்கவே வேண்டாம்.

தாமிரபரணி, நீங்கள் எழுதியதைப் படித்த அன்றைக்கே டிஸ்க் வாங்கினேன். ஒன்றில்தான் வைத்திருந்தேன். ஆட்டுக்குட்டி 50 விநாடி வருகிறது. வெட்டிப் பார்த்தேன், படம் நிற்கிறது. ஆனால் அந்த ஷாட்டில் பையன் சிரிக்கிறான், படம் முழுக்க அவன் சிரிப்பது அங்கே மட்டும்தான். விழாவுக்கு ஒரு வடிவம், தணிக்கைக்கு ஒரு வடிவம் என்று இரண்டாக வைக்கலாம் என்று இருக்கிறேன்.

அறையொலி அண்ணா, ரீல் அனுப்பிவிட்டேன். அடுத்த மின்தடை 19ஆம் தேதி என்று சொல்லியிருக்கிறார்கள். அக்காவிடம் கேட்டேன். "தியேட்டருக்கு வேண்டாம், இங்கயேன்னா வரேன்" என்றார்.


அறையொலி எழுதியது:

கேட்டேன். முதல் இரண்டு ரீலில் மூன்று காட்சியை மட்டும் மறுபடி பேசினால் போதும், மீதியைக் காப்பாற்றிவிடலாம். நூல் அறுந்த காட்சியை மறுபடி பேசவே வேண்டாம். அந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் தறிச் சத்தம் ஒரு நொடி தானாகவே குறைகிறது, பக்கத்துத் தறி ஏதோ நின்றிருக்கிறது போல. "நான்" என்கிற சொல் சுத்தமாகக் கேட்கிறது. டப்பிங்குக்குப் போகும் முன்பு மூலத்தை ஒரு முறை நல்ல ஹெட்போனில் கேட்டிருக்க வேண்டும் தம்பி. சரி, போகட்டும்.

19ஆம் தேதி மைக்கின் பேட்டரிகளை முந்தின நாள் இரவே சார்ஜ் போட்டுவிடுங்கள். காலையில் மின்சாரம் இருக்காது.


காவிரிக்கரை எழுதியது:

நேற்று 19. நடந்ததை எழுதுகிறேன்.

ஒன்பது மணிக்குத் தறி நின்றது. அக்கா வீட்டு உள்அறையில் பாயைப் போட்டு உட்கார்ந்தோம். பழைய கை ராட்டை ஒன்று என் அம்மாவின் பரணில் இருந்தது, எண்ணெய் விட்டுக் கொண்டுபோனேன். அக்கா அதைப் பார்த்ததும் கையில் வாங்கி, இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்து, கதிர் (நூல் சுற்றும் கம்பி) ஆடுகிறது என்று ஒரு துணித் துண்டைச் சுற்றி இறுக்கினார். இயர்போன் அவருக்குக் கூச்சமாக இருந்தது. முதல் முக்கால் மணி நேரம் சரியாக வரவில்லை. அப்புறம் நான் அறையை விட்டு வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டேன். நான் எதிரே இருந்தால் சரியாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குப் பதற்றம். ரெக்கார்டரை நண்பன் பார்த்துக்கொண்டான். திண்ணையில் இருந்தபடியே கேட்டேன். ராட்டைச் சத்தமும் அவர் குரலும் வந்துகொண்டிருந்தன, அவர் பேசுகிறாரா பதிவு செய்கிறோமா என்று எனக்கே தெரியவில்லை. மதியம் ஒரு மணிக்குள் மொத்தம் ஏழு காட்சி முடிந்தது. இரண்டு நிமிட அமைதியையும் ஒவ்வொரு இடத்திலும் எடுத்தோம். எதிர்வீட்டுக் குக்கர் விசிலால் ஒன்றை மட்டும் மறுபடி எடுத்தோம்.

பையன் குரலுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தேன் இல்லையா? அவனுக்கு ஒரு தங்கை, 11 வயது. ஷூட்டிங் நடந்த நாளெல்லாம் பள்ளி விட்டதும் வந்து திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். நேற்று பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை. அண்ணனின் வசனத்தை நாங்கள் இயர்போனில் ஓட்டும் முன்பே அவள் சொல்ல ஆரம்பித்தாள். எல்லாமே மனப்பாடம். இரண்டு வருடத்துக்கு முன்பு அவன் எந்த இடத்தில் மூச்சு வாங்கினான் என்பது வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறாள். அவன் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, ஒரே ஒரு இடத்தில் மட்டும், "அங்க நான் கோவமாச் சொல்லல, சும்மாதான் சொன்னேன்" என்று திருத்தினான். அவள் அப்படியே மாற்றிச் சொன்னாள். அவளுக்கும் முறைப்படி அனுமதி வேண்டுமா என்று மேனேஜர் ஐயா சொல்லுங்கள், வேண்டும் என்றால் திங்கட்கிழமை மறுபடி நாமக்கல் போகிறேன். அவள் கணக்கிலும் பணம் போட வேண்டும்.

இரண்டு மணிக்கு மின்சாரம் வந்தது. தறிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. அண்ணா சொன்னது போல மைக்கை வாசல், மாடி, பக்கத்து வீடு என்று மாற்றி மாற்றி வைத்து சாயங்காலம் வரைக்கும் சத்தத்தைப் பதிவு செய்தேன். 14 கோப்புகள். இன்றைக்கு இரவு எல்லாவற்றையும் ஏற்றி அனுப்புகிறேன் அண்ணா. இரண்டு டிஸ்க்கிலும் போட்டுவிட்டேன்.